எர்த் கம்பி இருந்தும் ஷாக் அடிப்பது ஏன்? மாட்டுக் கொட்டகை முதல் கார் ஷெட் வரை வயர் இழுக்கும் முன் தெரிய வேண்டியவை

எங்கள் ஊர் வீட்டில் மாடு தண்ணீர் குடிக்க மறுத்தது.

"ரெண்டு நாளா தொட்டியில வாயே வைக்க மாட்டேங்குதுப்பா. பக்கெட்ல வெச்சா குடிக்குது. தொட்டிக்கிட்ட இழுத்துட்டுப் போனா திமிறுது" என்று அம்மா போனில் சொன்னார். கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். காய்ச்சல் இல்லை, வாயில் புண் இல்லை. கன்று போட்ட மாட்டின் மேல் யார் கண்ணோ பட்டுவிட்டது என்று பக்கத்து வீட்டு அத்தை மிளகாய் சுற்றிப் போட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்ட் போனது. மாடு நேராகத் தொட்டிக்குப் போய் வயிறு முட்டக் குடித்தது.

கரண்ட் இல்லாதபோது மட்டும் குடிக்கும் மாடு. அம்மா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. அன்றைக்கே கொட்டகைக்குப் போகும் சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு, வார இறுதியில் ஊருக்குப் போனேன்.

தொட்டிக்கு மேலே இருந்த இரும்புக் குழாயில் ஒரு கறுப்பு வயர் சுற்றப்பட்டிருந்தது. கதை இதுதான். சில மாதங்களுக்கு முன் காற்றில் தென்னை மட்டை விழுந்து, வீட்டிலிருந்து கொட்டகைக்குப் போகும் இரண்டு வயர்களில் ஒன்று அறுந்திருக்கிறது. பழுது பார்க்க வந்தவர், "இது நியூட்ரல்தான், இதுல ஒண்ணும் இருக்காது" என்று சொல்லி, கொட்டகைப் பக்க முனையைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். லைட் எரிந்தது. லைட் எரிந்தால் வேலை முடிந்தது என்றுதானே நாம் எல்லோரும் நினைப்போம்?

அப்போது அங்கே இருந்தது 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றுதான். போன வாரம் கன்று பிறந்ததும், குளிருக்கு 100 வாட் குண்டு பல்பு, கொசுவுக்குப் பழைய மின்விசிறி என்று சேர்த்திருக்கிறார்கள். பிரச்சினை தொடங்கியது அந்த நாளில்தான்.

சுவிட்சைப் போட்டுவிட்டு, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைக் குழாயிலும், இன்னொன்றை நாலு எட்டு தள்ளி ஈர மண்ணில் குத்திய ஸ்குரூ டிரைவரிலும் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட 30 வோல்ட். செருப்புப் போட்ட நமக்கு அது லேசான சுருக். ஈரத் தரையில் நான்கு கால்களோடு நின்று, ஈரமான மூக்கால் தொட்டியைத் தொடும் மாட்டுக்கு அது அடி. மாட்டின் உடல் மின்சாரத்தைத் தடுக்கும் அளவு நம்மைவிடக் குறைவு. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளியும் அதிகம். நாம் உணராத சில வோல்ட்டைக்கூட அது உணர்ந்துவிடும். அம்மா தினமும் வெறுங்காலோடு திறக்கும் குழாய் அது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கரண்ட் திரும்பிப் போக வேண்டும்

மின்சாரம் ஒரு வழியாக வந்தால் இன்னொரு வழியாகத் திரும்பிப் போயாக வேண்டும். ஃபேஸ் வயர் கொண்டுவருகிறது, நியூட்ரல் வயர் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திருப்பி எடுத்துப் போகிறது. "நியூட்ரலில் ஒன்றும் இருக்காது" என்பது, அந்த வயர் முழுதாக இருக்கும்வரை மட்டுமே உண்மை. அது அறுந்து, பூமியே திரும்பும் வழி என்று ஆகிவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது.

100 வாட் பல்பும் 75 வாட் விசிறியும் சேர்ந்து முக்கால் ஆம்பியர் இழுக்கும். எங்கள் குழாயின் இரும்புப் பகுதி நாலைந்து அடிதான். அதற்குக் கீழே எல்லாம் பி.வி.சி. அந்தத் துண்டு இரும்புக்கும் பூமிக்கும் இடையே தோராயமாக 40 ஓம் தடை. முக்கால் ஆம்பியரை 40 ஓமால் பெருக்குங்கள், 30 வோல்ட் வருகிறது. எல்.இ.டி. மட்டும் இருந்தபோது அது சுமார் ஒன்றரை வோல்ட்டோடு அடங்கியிருந்ததால் மாடும் பொறுத்துக்கொண்டது, நாமும் கவனிக்கவில்லை. அதே லைனில் யாராவது ஒரு மோட்டாரைச் சொருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

'எங்க வீட்டுல மாடே இல்லையே' என்று கடந்து போகாதீர்கள். வீட்டுக்கு வெளியே வயர் போகும் எல்லா இடத்துக்கும் இந்தப் பாடம்தான். ஸ்கூட்டர் சார்ஜ் போட கார் ஷெட்டில் ஒரு பிளக் பாயிண்ட், வொர்க் ஃப்ரம் ஹோமுக்காக மொட்டை மாடித் தகர ஷெட்டில் ஒரு ஏ.சி., கொல்லைப்புறக் குளியலறையில் ஒரு கீசர், கிணற்றடி மோட்டார் ரூம்... வீட்டுக்குள் வயரிங் செய்யும்போது பிளான் போட்டு, பைப் பதித்து, மூன்று வயர் இழுப்போம். வெளியே வந்ததும் "ஒரு லைட்டுதானே" ஆகிவிடுகிறது. ஆனால் ஈரம், இரும்பு, வெறுங்கால் மூன்றும் ஒன்றுசேர்வது வெளியேதான்.

கம்பி அடிச்சாச்சே, அப்புறம் என்ன?

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். ஷெட் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, மோட்டாரின் உடம்போடு இணைத்துவிட்டால் "எர்த் போட்டாச்சு" என்று நிம்மதியாகிவிடுகிறோம். அந்தக் கம்பி மட்டும் காப்பாற்றுமா?

தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு மின் வாரியத்தின் சர்வீஸ் லைனில் வருவது ஃபேஸும் நியூட்ரலும்தான். எர்த் நாம் தோண்டிக்கொள்வது. ஆகவே மோட்டாரின் உடம்பில் கரண்ட் கசிந்தால், அது நம் கம்பி வழியாக மண்ணில் இறங்கி, மண் வழியாகவே டிரான்ஸ்ஃபார்மரின் எர்த்துக்குப் போய்ச் சேர வேண்டும். மண் ஒன்றும் செம்பு வயர் இல்லை.

உதாரணத்துக்கு நம் கம்பியின் தடை 20 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நாலடிக் கம்பி ஒன்றை மட்டும் அடித்திருந்தால் 20 ஓம் என்பதே நல்ல எண்தான். 230 வோல்ட்டை 22 ஓமால் வகுத்தால் சுமார் பத்தரை ஆம்பியர் ஓடும். போர்டில் இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைப் பொறுத்தவரை பத்தரை ஆம்பியர் என்பது யாரோ அயர்ன் பாக்ஸும் மிக்ஸியும் கிரைண்டரும் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அது விழவே விழாது.

அந்த நேரத்தில் மோட்டாரின் உடம்பில் இருப்பது பத்தரை பெருக்கல் 20, ஏறக்குறைய 209 வோல்ட். எர்த் கம்பி இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, ஆனால் மோட்டாரைத் தொட்டால் ஆள் காலி. கூடவே மணிக்கு 2.4 யூனிட் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும். காரணமே இல்லாமல் பில் எகிறினால் இதையும் சந்தேகப்படுங்கள்.

'சி' வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனடியாக விழுவதை உறுதி செய்ய 160 ஆம்பியர் வேண்டும். அதற்கு மொத்தத் தடை ஒன்றரை ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். வீட்டில் தோண்டும் எர்த் குழியில், அதுவும் சித்திரை வெயிலில் மண் காய்ந்து கிடக்கும்போது, அது நடக்கிற காரியம் இல்லை.

இன்னொரு ஏமாற்று, டெஸ்ட் லேம்ப். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைப் பிடித்து, "பாருங்க, பளிச்சுனு எரியுது, எர்த் சூப்பர்" என்பார்கள். 100 வாட் பல்பின் தடையே சூடான நிலையில் 529 ஓம். எர்த் 100 ஓம் என்ற மோசமான நிலையில் இருந்தாலும் பல்புக்கு 190 வோல்ட்டுக்கு மேல் கிடைத்துவிடும். கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். எர்த் வயர் எங்கும் அறுந்து போகவில்லை என்பதை அந்தப் பல்பு காட்டும். எர்த் நல்லதா என்பதைக் காட்டாது. அதற்கு எர்த் டெஸ்டர் என்று தனிக் கருவி இருக்கிறது.

கணக்குப்பிள்ளை வேண்டும்

எர்த்தை நம்பி எம்.சி.பி.யை விழ வைக்க முடியாது என்றால் வழி என்ன? ஆர்.சி.சி.பி. இதைச் சிலர் ஆர்.சி.டி. என்பார்கள், பழைய ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள்.

இது செய்வது ஒரே வேலை. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்க்கிறது. வீடுகளுக்கானது 30 மில்லி ஆம்பியர். வரவுக்கும் செலவுக்கும் அந்த அளவு வித்தியாசம் வந்துவிட்டால் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். கசிவு அதைப்போல ஐந்து மடங்கு என்றால் 0.04 நொடிக்குள். ஈரக் கையோடு 230 வோல்ட்டைத் தொட்டால் நம் உடலில் 200 மில்லி ஆம்பியர் வரை ஓடக்கூடும். இதயத் துடிப்பைக் குலைக்க அது போதும். அந்த வேகத்தில் துண்டித்தால்தான் பிழைக்க வழி உண்டு.

இதன் அருமை என்னவென்றால், எர்த் சுமாராக இருந்தாலும் வேலை செய்யும். 20 ஓம் வேண்டாம், 500 ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் கசிவு 460 மில்லி ஆம்பியர். தட்டிவிடும். எங்கள் கொட்டகை லைனில் இது இருந்திருந்தால், அந்தக் கறுப்பு வயரைக் குழாயில் கட்டிய நொடியே விழுந்திருக்கும். முக்கால் ஆம்பியர் போனது, நியூட்ரலில் ஒன்றுமே திரும்பவில்லை. வந்தவர் வேறு வழியில்லாமல் அறுந்த வயரை ஒழுங்காக மாற்றியிருப்பார்.

அதற்காக 'ஆர்.சி.சி.பி. இருக்கு, எர்த் எதுக்கு' என்றும் இருந்துவிடக் கூடாது. எர்த் வயர் இருந்தால், மோட்டாரில் கசிவு வந்தவுடனேயே அது விழும். எர்த் இல்லையென்றால், யாராவது ஒருவர் தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் இறங்கிய பிறகுதான் விழும். பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் சோதனை எலி நீங்களாக இருக்க வேண்டுமா? தவிர, ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் ஆர்.சி.சி.பி.க்கு வித்தியாசமே தெரியாது. ஓவர்லோடையும் அது பார்க்காது. எனவே எம்.சி.பி.யும் கூடவே வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ.வும் கடையில் கிடைக்கிறது.

எங்கே பொருத்துவது? ஷெட்டில் அல்ல, வீட்டு மெயின் போர்டில், ஷெட்டுக்கு லைன் கிளம்பும் இடத்தில். அப்போதுதான் நடுவழியில் கேபிள் தோல் உரிந்தாலும் பாதுகாப்பு இருக்கும். வீடு முழுக்க ஒன்று இருந்தாலும் ஷெட்டுக்குத் தனியாக ஒன்று போடுவது நல்லது. மழை ராத்திரியில் ஷெட் பிளக்கில் தண்ணீர் இறங்கினால் வீட்டு ஃபிரிட்ஜும் சேர்ந்து அணைய வேண்டியதில்லை. ஸ்கூட்டர் சார்ஜர் போன்ற எலெக்ட்ரானிக் சாதனங்களுக்கு 'டைப் ஏ' என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் 'டைப் ஏசி' அவற்றின் கசிவைச் சரியாகக் கண்டுபிடிக்காமல் விடலாம்.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளிலேயே வீட்டு இணைப்புகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு சொல்லப்பட்டிருக்கிறது. மின் வாரியமும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதைப் பொருத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் நிறைய வீடுகளில் இது இல்லை. சில வீடுகளில் இருந்தது, இப்போது இல்லை. "சும்மா சும்மா டிரிப் ஆகுது சார், அதான் கழட்டிட்டு டைரக்ட் குடுத்துட்டேன்."

சும்மா ஆகாது. நான் பார்த்தவரை பொதுவான காரணம் நியூட்ரல் கலப்பு. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை வேறொரு லைனோடு சேர்த்திருப்பார்கள். அல்லது ஷெட்டின் ஃபேஸை ஆர்.சி.சி.பி.க்குப் பிறகும், நியூட்ரலை அதற்கு முன்பும் எடுத்திருப்பார்கள். போன வழி ஒன்று, வந்த வழி வேறு. கணக்குப்பிள்ளை கத்தத்தான் செய்வார். அவரை வேலையை விட்டுத் தூக்குவதற்குப் பதில் கணக்கைச் சரி செய்ய வேண்டும். வேறு காரணங்களும் உண்டு. தண்ணீர் இறங்கிய ஜங்ஷன் பாக்ஸ், ஓட்டை விழுந்த கீசர் காயில், எலி கடித்த வயர். ஒவ்வொரு லைனாக அணைத்துப் பார்த்தால் அரை மணியில் பிடித்துவிடலாம்.

நியூட்ரலையும் எர்த்தையும் முடிச்சுப் போடாதீர்கள்

ஷெட் போர்டில் எர்த் வயர் வரவில்லை என்றால், மூன்று ஓட்டை சாக்கெட்டில் நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு ஒரு சின்னத் துண்டு வயர் போட்டு வைக்கும் பழக்கம் இருக்கிறது. டெஸ்ட் லேம்ப் எரியும், வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார். இதைவிட ஆபத்தான வேலை வயரிங்கில் குறைவு. அந்த நியூட்ரல் எங்கேயாவது அறுந்தால், சொருகி இருக்கும் மெஷினின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும்.

கொஞ்சம் 'தெரிந்தவர்கள்' செய்வது இன்னொன்று. ஷெட்டில் அடித்த எர்த் கம்பியோடு நியூட்ரலை இணைப்பது. இது சாதாரண நாளில் ஒன்றும் செய்யாது. ஒரு மழை நாளில் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் நியூட்ரல் விட்டுப்போகிறது என்று வையுங்கள். வீட்டில் அந்த நேரம் 2,000 வாட் ஓடிக்கொண்டிருந்தால், அது முழுக்க ஷெட் கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கும். கம்பி 20 ஓம் என்றால் அதில் 100 வோல்ட் ஏறி நிற்கும். ஷெட்டின் இரும்புத் தூணும் அதோடு சேர்ந்திருந்தால், தூணிலும்தான்.

இதில் யூடியூப்புக்கும் பங்கு உண்டு. அமெரிக்க வயரிங் வீடியோக்களில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரே பட்டையில் இணைப்பதைப் பார்த்துவிட்டு 'அங்கேயே அப்படித்தான் பண்றாங்க' என்கிறார்கள். அங்கே அது சர்வீஸ் வந்து சேரும் பிரதான பேனலில் மட்டும். அவர்கள் மின் அமைப்பும் வேறு. அவர்களே கூடத் தனிக் கட்டடத்துக்குப் புதிதாக லைன் இழுத்தால் நியூட்ரலையும் எர்த்தையும் கடைசிவரை பிரித்தே கொண்டுபோக வேண்டும் என்று 2008 முதல் தங்கள் தேசிய மின் விதித்தொகுப்பில் மாற்றிக்கொண்டார்கள்.

சரி, ஷெட்டில் எர்த் எப்படித்தான் கொடுப்பது? வீட்டு மெயின் போர்டிலிருந்து ஃபேஸ், நியூட்ரலோடு மூன்றாவதாகப் பச்சை வயரையும் சேர்த்து இழுங்கள். ஷெட் தூரமாக இருந்தால் அங்கேயும் ஒரு எர்த் குழி போட்டு, அந்தப் பச்சை வயரோடு இணைக்கலாம். அது கூடுதல் பலம். அதற்குப் பதில் இது என்று மாற்றிவிடக் கூடாது. தகரக் கூரையின் தூண், இரும்புக் கதவு, தண்ணீர்க் குழாய், மாடு கட்டும் கம்பி ஆகியவற்றையும் அந்தப் பச்சை வயரோடு பிணைக்க வேண்டும். எல்லா இரும்பும் ஒன்றாக இணைந்திருந்தால் அவற்றுக்கு இடையே வோல்ட்டேஜ் வித்தியாசம் எழாது. மாடு ஒன்றில் மூக்கையும் இன்னொன்றில் காலையும் வைத்தாலும் தப்பிக்கும்.

எர்த் குழிக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 இருக்கிறது. பைப் வகை என்றால் இரண்டரை மீட்டர் நீளம். தகடு என்றால் குறைந்தது 60-க்கு 60 சென்டிமீட்டர், மேல் விளிம்பு ஒன்றரை மீட்டர் ஆழத்தில். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி. முழ நீளக் கம்பியைச் சுத்தியால் நாலு அடி அடித்து ஏற்றுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கோடையில் குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்வது பழம்பெருசுகளின் சடங்கு கிடையாது. மண் காய்ந்தால் தடை ஏறும்.

துணி காயப்போடும் கம்பி

செய்தி அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு மழைக்காலத்தில் ஒரு செய்தி வந்துகொண்டே இருக்கும். துணி காயப்போடப் போனவர் மின்சாரம் தாக்கி பலி, காப்பாற்றப் போனவரும் பலி. ஊர் பெயர் மட்டும் மாறும். நடந்தது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். வீட்டிலிருந்து ஷெட்டுக்கு வயரைத் தூக்கிக் கட்ட ஒரு ஜி.ஐ. கம்பி இழுத்து, அதன் மேல் வயரைச் சுற்றியிருப்பார்கள். காற்றில் ஆடி ஆடி, வெயிலில் காய்ந்து, வயரின் தோல் உரிந்து ஜி.ஐ. கம்பியைத் தொடும். அந்தக் கம்பி கட்டியிருக்கும் தூணிலேயே துணிக்கொடியும் கட்டியிருக்கும். ஈரத் துணி, ஈரக் கை, ஈரத் தரை.

இன்றே செய்யக்கூடிய ஒன்று சொல்லட்டுமா? துணிக்கொடி இரும்புக் கம்பியாக இருந்தால் அறுத்துப் போட்டுவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். இந்தக் கட்டுரையில் சொன்னதிலேயே மலிவான, எலெக்ட்ரீஷியன் தேவைப்படாத வேலை இதுதான்.

வயரைத் தலைக்கு மேல் கொண்டுபோவதைவிடப் பூமிக்குள் கொண்டுபோவது நல்லது. மேலே இரும்புக் கவசம் கொண்ட ஆர்மர்டு கேபிள், 75 சென்டிமீட்டர் ஆழம், கீழேயும் மேலேயும் மணல், அதன் மேல் வரிசையாகச் செங்கல். பின்னாளில் யாராவது கடப்பாரை போட்டால் முதலில் செங்கல் தட்டும். கவசத்தையும் எர்த்தோடு இணைக்க மறக்கக் கூடாது. வீட்டுக்குள் சுவரில் பதிக்கும் சாதாரண வயரைச் சும்மா பி.வி.சி. பைப்பில் விட்டு அரை அடி ஆழத்தில் புதைப்பது ரொம்ப நாள் தாங்காது. பைப்பில் தண்ணீர் தேங்கும், மண்வெட்டி ஒருநாள் இறங்கும்.

வயரின் தடிமனில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஷெட் 40 மீட்டர் தள்ளி என்றால் போகவர 80 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அந்தத் தூரத்துக்குத் தடை சுமார் 1.45 ஓம். ஒரு எச்.பி. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது 30 ஆம்பியர் வரை இழுக்கும். வழியிலேயே 43 வோல்ட் காணாமல் போய்விடும். மோட்டார் முனகும், சூடாகும், காயில் கருகும். கருகிய காயில்தான் உடம்பில் கசியும் காயில். 4 சதுர மில்லிமீட்டர் என்றால் இழப்பு 11 வோல்ட்டோடு நின்றுவிடும். சர்வீஸ் வயரில் மிஞ்சிய அலுமினியத் துண்டைச் செம்போடு முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம். இரண்டு உலோகமும் ஒட்டும் இடம் நாளடைவில் அரித்து லூசாகி, அங்கேதான் தீப்பொறி வரும்.

யாரைக் கூப்பிடுவது, என்ன கேட்பது?

வயர்மேன் உரிமம் உள்ளவரா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். தமிழ்நாட்டில் இதற்கென்றே மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. வேலை முடிந்ததும் மூன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஷெட் சாக்கெட்டின் எர்த் முனையில் பச்சை வயர் வந்திருக்கிறதா, எங்கும் நியூட்ரலோடு சேராமல் இருக்கிறதா, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ஷெட் மொத்தமும் அணைகிறதா. அந்தப் பட்டனை மாதம் ஒருமுறை நீங்களே அழுத்துங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா, உடனே மாற்ற வேண்டும்.

கம்பத்திலிருந்து மீட்டர் வரை உள்ள லைனில் பிரச்சினை என்றால், அதாவது நியூட்ரல் விட்டு விட்டு வருவது, பல்பு திடீரென்று பிரகாசமாகி மங்குவது போன்றவை, அது உங்கள் எலெக்ட்ரீஷியன் கை வைக்கும் இடம் இல்லை. மின் வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. யாருக்காவது ஷாக் அடித்துக்கொண்டிருந்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ விலக்குங்கள். பிறகு 108. காப்பாற்றப் போனவர் ஏன் இரண்டாவதாகச் சாகிறார் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

எங்கள் கொட்டகைக்குப் புதிதாக மூன்று வயர் கேபிள் புதைத்து, தொட்டிக் குழாயையும் தூண்களையும் பச்சை வயரோடு பிணைத்து, வீட்டில் தனி ஆர்.சி.சி.பி. போட்டோம். இரண்டு நாள் வேலை. மாடு முதல் நாள் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது, மூக்கை நீட்டும், இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில்தான் குடித்தது.

ஒரு வாரம் கழித்து அம்மா போன் செய்தார். "நீ போட்ட பொட்டி ராத்திரி மழையில படக்குனு விழுந்துடுச்சு. தூக்கி விட்டா மறுபடி விழுது. இதுக்குப் பழசே தேவலாம் போலயே." எலெக்ட்ரீஷியன் போய்ப் பார்த்தார். தீவனம் வெட்டும் மெஷினுக்கான பிளக் பாயிண்டுக்கு மூடி வைக்க மறந்திருக்கிறார்கள். உள்ளே தண்ணீர். துடைத்து, காயவைத்து, மூடி போட்டதும் நின்றது. அம்மா இப்போது ஒவ்வொரு அமாவாசைக்கும் அந்தப் பட்டனை அழுத்திப் பார்க்கிறார். தேதி மறக்காமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி அது.